மன்னாருக்கு ஹீட்டர் என்னத்துக்கு

பிழை எங்கே இருக்கிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும். அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். மூன்று நாள் மற்றவர்களிடம் ஒளித்தது போதும். வாசிக்கிறவர்களிடமும் ஒளிக்க எனக்குத் தெம்பில்லை.

என் பிக்கப் ஒரு பழைய ஜப்பான் டீசல் வண்டி. தாராபுரத்தில் என் வீட்டு வாசலில்தான் நிற்கும். ஐஸ் பெட்டி, சீமெந்து, கருவாட்டு மூட்டை, கல்யாண வீட்டுக் கதிரை என்று யார் எதைச் சொன்னாலும் ஏற்றுவேன். அந்த வண்டியின் ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்று வந்தது. மன்னார்க்காரனிடம் இதை ஒரு முறைப்பாடாகச் சொன்னால் சிரிப்பான். தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற ஊரில் ஹீட்டர் சூடாக ஊதினால் என்ன, குளிராக ஊதினால் என்ன? பல வருடங்களுக்கு முன்பு நானும் அப்படித்தான் சிரித்தேன்.

அன்று நடுப்பகல். முருங்கனுக்குக் கிட்ட வரும்போது முன் சீற்றின் கால்மிதி தண்ணீரில் ஊறிவிட்டது. டாஷ்போர்டுக்குக் கீழிருந்து சுடுதண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்படியே ஓட்டிவந்து டவுணில் ஒரு கராஜில் நிறுத்தினேன். எஞ்சினில் சூடாகிற தண்ணீர் இரண்டு ரப்பர் குழாய் வழியாக உள்ளே இருக்கிற ஒரு சின்ன ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது, அதன் சூட்டைத்தான் விசிறி ஊதுகிறது, இப்போது அந்தச் சின்ன ரேடியேட்டர் ஓட்டை, அதை வெளியே எடுப்பதென்றால் டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும் என்று கராஜ்காரர் விளக்கினார். எனக்கு அவசரம். “வெட்டி விடுங்கோ. மன்னாருக்கு ஹீட்டர் என்னத்துக்கு?” என்றேன். கராஜில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் இரண்டு குழாய்களையும் உள்ளே நுழையும் இடத்துக்கு முன்பே வெட்டி, ஒரு சின்ன இரும்புக் குழாயால் ஒன்றோடொன்று பொருத்தி, ரியூப் ரப்பரைச் சுற்றிக் கட்டி, எஞ்சினுக்குப் பின்னால் கீழே தள்ளிவிட்டார். தண்ணீர் உள்ளே போகாமல் வந்த வழியே திரும்பியது. அதே கையோடு, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை மறித்து வைத்திருக்கிற தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றி எறிந்தார். வெக்கை ஊர் வண்டிக்கு அது தேவையில்லை என்பது எங்கள் பக்கத்துக் கராஜ்களின் சட்டம். மன்னார்த் தீவில் ஓடுகிற எத்தனையோ வண்டிகளுக்கு இதே வைத்தியம்தான் நடந்திருக்கிறது. சொட்டு நின்றது, நானும் அதை மறந்து போனேன்.

மகளின் கதையைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது.

அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. போர்க்காலத்தில், மன்னார் முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து ஊரைவிட்டு உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டு நாங்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் கிடந்த காலத்தில் பிறந்தவள். என் மனைவிக்கு நோவு கண்டபோது அவளுடைய உம்மா வேறொரு முகாமில் இருந்தார். செய்தி போய் அவர் வந்து சேர்ந்தபோது பிள்ளைக்கு மூன்று நாள். தலைப்பிள்ளையை உம்மா பக்கத்தில் இல்லாமல் பெற்றதை என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். சொல்லும்போது இன்றைக்கும் குரல் மாறும். அந்தக் கொட்டிலில் பிள்ளையைக் கையில் வாங்கி, என் மனைவியின் வாப்பாவும் அங்கே இல்லாததால் நானே காதில் பாங்கு சொல்லி முடித்ததும் நான் ஒரு நிய்யத்து வைத்தேன். இவளுக்கு ஊரில் ஒரு கல்வீடு கட்டுவேன் என்று.

கட்டினேன். எங்கள் ஆட்களில் பெண்ணுக்கு வீடு கொடுப்போம், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். என் வளவிலேயே, என் வீட்டுக்குப் பக்கத்தில், மூன்று அறையும் விறாந்தையும் வைத்துக் கட்டினேன். ஒவ்வொரு கல்லும் இந்த பிக்கப்பில் வந்தது. மகள் ஆசிரியை ஆனாள், குளிர் மலைநாட்டில், நுவரெலியாவில் நியமனம் கிடைத்தது. அங்கே கூடப் படிப்பித்த ஒரு பையனை விரும்பினாள். நல்ல பையன், தொழுகையாளி, எங்கள் மார்க்கம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுவே எனக்குப் பெரிய குறையாக இருந்தது. நிக்காஹ் எங்கள் வீட்டில் நடந்தது. பதினைந்து நாள் அந்தப் புது வீட்டில் இருந்தார்கள். பிறகு, வேலையும் அங்கே, மாப்பிள்ளையின் தாய் தகப்பனும் அங்கே என்று சொல்லி மகள் பெட்டியைத் தூக்கினாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. போனில் குரல் கேட்டாலே மனைவியிடம் நீட்டிவிடுகிற கோபம். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்தால் யாராவது, மருமகன் எப்போது குடிவருகிறார் என்று கேட்பான். இன்னொருவன் வீட்டை வாடகைக்குத் தருவீர்களா என்று கேட்பான். என் முகத்தில் கரியைப் பூசிவிட்டுப் போய்விட்டாளே என்றுதான் எனக்கு இருந்தது. பூட்டுப் போட்டேன். உப்புக் காற்று பூட்டைத் தின்றது. மாதம் ஒரு தடவை போய் அதற்கு எண்ணெய் விடுவேன். விறாந்தையில் ஒரு கழுதை படுக்கத் தொடங்கியது. விரட்டினால் எழும்பிப் போகும், நான் வீட்டுக்குள் போவதற்கு முன் திரும்பி வந்து படுத்துவிடும். இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய வீட்டில் கடைசியில் கழுதை குடியிருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லிப் பொருமுவேன். கழுதைக்கு இருக்கிற நன்றிகூட அவளுக்கு இல்லை என்றும் ஒரு நாள் சொன்னேன். மனைவி சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு தடவை மேலே போகப் புறப்பட்டோம், சம்பந்தி வீட்டு விருந்துக்கு. என் மனைவிக்கு இழுப்பு வருத்தம் இருக்கிறது. குளிர் பட்டால் நெஞ்சு அடைத்துவிடும். றம்பொடையில் மலை ஏறும்போது பனிமூட்டம் இறங்கி முன் கண்ணாடி வெளுத்துப் போனது. ஹீட்டரைப் போட்டேன். குளிர்காற்று வந்தது. கண்ணாடி தெளியாததால் யன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டித்தான் ஓட்டினேன். ஐந்தாறு வளைவு போவதற்குள் மனைவிக்கு இழுப்புத் தொடங்கிவிட்டது. ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடித்து, மூச்சு சீரானதும், இனி மேலே போக வேண்டாம் என்று திருப்பிவிட்டேன். விருந்துக்குச் சமைத்து வைத்துக்கொண்டு அவர்கள் காத்திருந்தார்கள். வண்டியைத் திருப்பும்போது எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆறுதல் வந்தது. அல்லாஹ் அறிய அதுதான் உண்மை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சாட்டுக் கிடைத்தது. மகளைப் பார்க்கப் போவோம் என்று மனைவி எப்போது கேட்டாலும், ஹீட்டர் பழுது, உன்னைக் குளிரில் கொண்டுபோய்க் கொல்லவா என்பேன். அப்படியென்றால் திருத்துங்களேன் என்பாள். பார்ப்போம் என்பேன். வெட்டி விட்டது நான்தான் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் அவளால் போக முடியாது, திறந்த யன்னலும் தூசியும் ஆகாது. இப்படியே ஒரு வருடம் போனது.

பிறகு மகள் பிள்ளைத்தாச்சி ஆனாள். தலைப்பிள்ளையை உம்மா வீட்டில் பெறுவதுதான் எங்கள் வழக்கம். அவளும் வரத்தான் இருந்தாள். எட்டாம் மாதத்தில் இரத்த அழுத்தம் கூடிவிட்டது, இவ்வளவு தூரம் பயணம் செய்யவே கூடாது என்று டாக்டர் மறித்துவிட்டார். பேற்று நாள் கிட்டியதும் மருமகன் போன் எடுத்து, நான் ஒரு கார் பிடித்துக்கொண்டு வந்து மாமியைக் கூட்டிப் போகிறேன் என்றார். எங்களிடம் வாகனம் இருக்கிறது என்று முகத்தில் அடித்தமாதிரிச் சொன்னேன். அடுத்து மகள் போனை வாங்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

“வாப்பா, இந்தக் கிழமைக்குள்ள உம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. எனக்குப் பயமா இருக்கு.”

“ஹீட்டரைச் செய்துபோட்டு வாறம்,” என்றேன்.

அவள் அதை நம்பினாள். சரி வாப்பா என்றாள். அன்று திங்கட்கிழமை. மனைவி அன்றைக்கே பெட்டியை அடுக்கிவிட்டாள். குழந்தைக்கு வெள்ளைத் துணி, மகளுக்கு மருந்துச் சரக்கு, தனக்கு ஒரு கம்பளிச் சட்டை. பெட்டியைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, விடிந்ததும் வண்டியைக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றாள்.

கொண்டுபோனேன். ஆனால் டவுணில் குழாயை வெட்டிய கராஜுக்குப் போகவில்லை. அவர் பொனட்டைத் திறந்ததும் சிரித்துக்கொண்டே கையை விட்டு அந்த இரும்புக் குழாயை இழுத்துக் காட்டியிருப்பார். பாலம் தாண்டி, தள்ளாடிச் சந்தி தாண்டி, உயிலங்குளத்துக்குப் போனேன். அங்கே ஒரு தம்பி இருக்கிறார். சைவக் குடும்பம், வயல்காரர். வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டு வாகனமும் திருத்துவார். கெட்டிக்காரர், ஆனால் என் வண்டியை அதற்கு முன் தொட்டதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது ஒரு கிழமை இழுபறி. அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால் பிறகு அவர்கள் வரட்டும், என் வீட்டுக்கு, நான் கட்டிய வீட்டுக்கு, பிள்ளையோடு வரட்டும். இதுதான் என் மனதில் இருந்தது. இவ்வளவு கேவலமாக அப்போது எனக்குத் தெரியவில்லை. ஒரு தகப்பனின் நியாயம்போலத்தான் தெரிந்தது.

அது விதைப்புக் காலம். அந்தத் தம்பி விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, முளை வருவதற்காகக் கொட்டில் மூலையில் அடுக்கியிருந்தார். அடுத்த நாள் விதைக்க வேண்டும், இப்போது வேலை எடுக்கவில்லை என்றார். மகளுக்குத் தலைப்பேறு, தாய் போய்ச் சேர வேண்டும், தாய்க்கு இழுப்பு என்று நான் சொன்னேன். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பொனட்டைத் திறந்தார்.

முதல் நாள் அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்த்தார். நிறைந்திருந்தது. எஞ்சினை ஓடவிட்டு சூட்டு முள்ளைப் பார்த்தார். அது ஏறவே மாட்டேன் என்று கீழே கிடந்தது. எஞ்சினே சூடாகவில்லை, ஹீட்டர் எப்படிச் சூடாகும் என்று தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தைக் கழற்றினார். உள்ளே வெறுமை. எந்த மடையன் இதைக் கழற்றினவன் என்று கேட்டார். தெரியாது தம்பி என்றேன். மோட்டார் சைக்கிளில் டவுணுக்குப் போய்ப் புதிய தெர்மோஸ்டாட் வாங்கிவந்து பூட்டினார். முள் ஏறியது. ஹீட்டரைப் போட்டோம். குளிர்காற்று வந்தது.

மாலை மஃரிபுத் தொழுகைக்கு முன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். என்னவாம் என்று மனைவி கேட்டாள். தெர்மோஸ்டாட் போட்டாச்சு, இன்னும் சூடு வரவில்லை என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கவலையில் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள், குழாய்க்குள் காற்று அடைத்து நிற்கலாம் என்றார் தம்பி. காற்றை வெளியேற்ற வேண்டுமென்றால் வண்டியின் மூக்கு மேலே தூக்கி நிற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஏற்றம் ஏது? நிலமெல்லாம் தோசைக்கல் மாதிரிக் கிடக்கிறது. கடைசியில் குளக்கட்டுச் சரிவில் வண்டியை ஏற்றி, பின் சில்லுக்குக் கல் வைத்து, மூடியைத் திறந்து ஓடவிட்டார். குமிழி குமிழியாகக் காற்று வந்தது. தண்ணீர் விட்டு நிரப்பினார். எஞ்சினோடு இணைகிற இடத்தில் இரண்டு ரப்பர் குழாயையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் சுட்டது. அவருக்கு முகம் மலர்ந்தது. போகிற தண்ணீரும் சூடு, வருகிற தண்ணீரும் சூடு, அப்படியென்றால் உள்ளே ஓடுகிறது என்று கணக்குப் போட்டார். கீழே மறைந்திருந்த அந்த இணைப்பில் அது சுற்றித் திரும்புகிறது என்று அவர் எப்படி நினைப்பார்? நான் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹீட்டரைப் போட்டார். குளிர்காற்று வந்தது.

விதைப்பு என்னாவது, உங்கள் வேலையைப் பாருங்கள், ஆறுதலாகச் செய்யலாம் என்று நல்லவன்போல அவரிடம் சொன்னேன்.

“நெல்லை நாளைக்கும் விதைக்கலாம் நானா. பிள்ளைப்பேறு பொறுக்காது,” என்றார். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற நானா என்ற சொல்லாலேயே என்னைக் கூப்பிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் காற்றடைப்புக் கதையை மனைவிக்குச் சொன்னேன். அவள் தேத்தண்ணீரை நீட்டிவிட்டு, உங்களுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லையா என்று கேட்டாள். என்ன ஞாபகம் என்றேன். ஒன்றுமில்லை என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். கதவுக்குப் பக்கத்தில் பெட்டி இருந்தது. அதைத் தாண்டித்தான் நான் உள்ளே போக வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் அவர் டாஷ்போர்டைக் கழற்றத் தொடங்கினார். சூட்டையும் குளிரையும் மாற்றுகிற கதவு ஒன்று உள்ளே இருக்கிறதாம், அதை இழுக்கிற கம்பி இறுகியிருக்கும் என்றார். உண்மையிலேயே இறுகித்தான் இருந்தது, உப்புக்காற்றில் துருப்பிடித்து. எண்ணெய் விட்டு, இழுத்து இழுத்து அதைச் சரிசெய்ய நடுப்பகல் ஆகிவிட்டது. வியர்வை அவர் மூக்கிலிருந்து சொட்டியது. மூலையில் சாக்குகளிலிருந்து முளைநெல்லின் புளித்த வாசம் வந்தது. அப்போதுதான் மருமகனின் போன் வந்தது.

ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் பிள்ளை. இருவரும் சுகம். அழுத்தம் ஏறி செவ்வாய்க்கிழமையே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உம்மாவுக்குச் சொன்னால் பயத்தில் இழுப்பு வரும், வாப்பாதான் வண்டியைத் திருத்திக்கொண்டிருக்கிறாரே, எப்படியும் வந்துவிடுவார்கள் என்று எங்களிடம் சொல்லவேண்டாமென்று மகள் தடுத்திருக்கிறாள். மருமகன் கோபமாகப் பேசவில்லை. கடைசியில் மட்டும் ஒன்று சொன்னார்.

“உள்ளுக்குக் கொண்டு போற வரைக்கும் உம்மா வந்துட்டாவா, உம்மா வந்துட்டாவா என்டுதான் கேட்டுக்கிட்டே இருந்தா மாமா.”

போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். பிறகு தம்பிக்குப் பக்கத்தில் போய், எஞ்சினுக்குப் பின்னால், கீழே, கையை விட்டுப் பாருங்கள் என்றேன். அவர் குனிந்து துழாவினார். ரியூப் ரப்பர் சுற்றிய அந்த இணைப்பு கைக்கு வந்தது. கத்தியால் கட்டை அறுத்துக் குழாய்த்துண்டை உருவி எடுத்தார். துருப்பிடித்த, ஒரு சாண்கூட இல்லாத இரும்பு.

“இது உங்களுக்குத் தெரியுமோ நானா?”

“ஓம்.”

“எப்ப தொட்டு?”

“வெட்டின நாள் தொட்டு.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையைக் கழுவிவிட்டு மூலைக்குப் போய் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்தார். முளை நீண்டு, வேரும் முளையுமாக ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. விதைக்க எடுத்தால் பாய்போல வரும். ஒரு பிடியைப் பிய்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், வாருங்கள், உள்ளே இருக்கிற அந்தச் சின்னப் பெட்டியைக் கழற்றுவோம் என்றார். அதற்குப் பிறகு வேலை முடியும்வரை அவர் என்னோடு வேலைக்குத் தேவையான சொற்களை மட்டும்தான் பேசினார். நானா என்றும் கூப்பிடவில்லை.

வீட்டில் மனைவிக்கு மருமகன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். வண்டி என்னவாயிற்று என்று மட்டும் கேட்டாள். பிழை பிடிபட்டுவிட்டது, சனிக்கிழமை போகலாம் என்றேன். எப்படிப் பிடிபட்டது என்று கேட்டாள். அந்தத் தம்பி கண்டுபிடித்தார் என்றேன். தலையை ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தச் சின்ன ரேடியேட்டரை டவுணுக்குக் கொண்டுபோய், ரேடியேட்டர் ஒட்டுகிற கடையில் கொடுத்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. வருடக்கணக்காக நல்ல தண்ணீரைக் குடிப்பதற்கென்று வைத்துக்கொண்டு வண்டிக்குக் கிணற்று உவர்த் தண்ணீரை விட்டவன் நான். அதுதான் உள்ளே இருந்து அரித்து ஓட்டை போட்டிருக்கிறது. கழுவி, ஈயம் வைத்து ஒட்டித் தந்தார்கள். ஜும்ஆ முடித்துவிட்டு உயிலங்குளம் போனேன். தம்பி அதைப் பூட்டி, புதிய ரப்பர் குழாய் போட்டு, நான் கலனில் கொண்டுபோன நல்ல தண்ணீரை நிரப்பினார். மறுபடி குளக்கட்டு, மறுபடி மூக்கைத் தூக்கிக் காற்றெடுப்பு. ஹீட்டரைப் போட்டதும் முகத்தில் அனல் அடித்தது. அந்த வெயிலில் நாங்கள் இரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டு நின்றோம். மூன்று நாள் பாடுபட்ட ஒருவருக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவர் விசிறியை நிறுத்திவிட்டு வண்டித் திறப்பை என் கையில் தந்தார்.

சனிக்கிழமை விடியப்புறம் சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். மதவாச்சி, அனுராதபுரம், தம்புள்ளை என்று வெயில் ஏற ஏற மனைவி பெட்டியை மடியில் பிடித்துக்கொண்டே வந்தாள். கண்டி தாண்டி, கம்பளை தாண்டி, றம்பொடை ஏற்றத்தில் பனி இறங்கியது. போன தடவை கண்ணாடி வெளுத்த அதே இடம். ஹீட்டரின் பிடியைத் தள்ளினேன். சூடு வந்தது, கண்ணாடி தெளிந்தது. மனைவியின் மூச்சு ஒழுங்காக இருந்தது. சூடு போதுமா என்று கேட்டேன்.

“அண்டைக்கு முருங்கனில என்ர செருப்புத்தானே நனைஞ்சது,” என்றாள்.

வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன். குழாய் ஒழுகிய அன்று, இழுப்புக்குக் கிளினிக்கில் மருந்தெடுத்துவிட்டு முன் சீற்றில் என்னோடு வந்துகொண்டிருந்தவள் அவள்தான். நனைந்த செருப்பைக் கையில் பிடித்தபடி கராஜில் நின்றவளும் அவள்தான். நான் அதை முழுக்க மறந்திருந்தேன். நான் அன்று சொன்ன பகிடிக்குத் தானும் சிரித்ததாக அவள் சொன்னாள்.

“தெரிஞ்சுகொண்டா மூண்டு நாளும் பேசாம இருந்தனீ?”

“நான் சொன்னா எனக்காகச் செய்வியள். நீங்களாச் சொன்னா அவளுக்காக எண்டு இருக்கும். இண்டைக்குச் சொல்லுவியள், நாளைக்குச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.” கம்பளிச் சட்டையின் கையை இழுத்துவிட்டு, “நானும் பாவிதான். என்ர புள்ளையை வச்சு உங்களைச் சோதிச்சுப் பாத்துப்போட்டன்,” என்றாள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஹீட்டர் ஊதிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தது. கியரைப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மகள் கம்பளிக்குள் மெலிந்துபோய்க் கிடந்தாள். உம்மாவைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள், வயிற்றுத் தையல் விடவில்லை. மனைவி அவளைக் கட்டிப்பிடித்து உச்சி முகர்ந்தாள். இருவரும் சத்தமில்லாமல் அழுதார்கள். பிறகு மனைவி பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் குடும்பத்தில் தலைப்பிள்ளையின் காதில் பாங்கு சொல்வது தாயின் வாப்பா. கொஞ்ச நேரம் உங்களைப் பார்த்திருந்தோம், பிறகு அவரே சொல்லிவிட்டார் என்று மகள் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஹீட்டர் சரியாயிட்டுதா வாப்பா?” என்று கேட்டாள்.

“ஓம் மகள்.”

“என்னவாம் பிழை?”

மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுகிற பார்வை அது. மூன்று நாளும் மஃரிபு நேரத்தில் அவள் என்னைப் பார்த்ததும் இதே பார்வைதான் என்று அப்போதுதான் விளங்கியது. சொல்ல வாயைத் திறந்தேன்.

“பழைய வண்டி தானே மகள். எங்கையோ அடைப்பு,” என்றேன்.

“அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது வாப்பா. அலைஞ்சு திரிஞ்சு செய்துகொண்டு வந்திட்டியள்தானே,” என்று மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மனைவி குனிந்து, பிள்ளையின் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டாள்.